கய்யாலைக்கு எந்தப் பக்கம்?

பனச்சமூட்டுச் சந்தைக்கு வருவோருக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே அன்று. வெள்ளறடை வழியாக வந்து, மரச்சீனியும் ஏத்தன் குலையும் வாங்கிக்கொண்டு, அருமனைப் பக்கம் பேருந்து ஏறிவிடுவார்கள். கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் அருகருகே இருக்கும். எங்கள் கிளையின் வாடிக்கையாளர்களுள் பலருக்கு வீடு ஒரு மாநிலத்திலும் ரப்பர் விளை மற்றொரு மாநிலத்திலும் உள்ளன. எல்லையைக் கவனிப்பது சட்டைப்பையிலுள்ள கைப்பேசி ஒன்றுதான். இருபது அடி நடப்பதற்குள் ஒரு மாநிலத்தின் கோபுரத்தை விட்டு அடுத்த மாநிலத்தின் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கைப்பேசிதான் இப்போது எங்கள் கள ஆய்வுக்கும் கருவியாகியிருக்கிறது. கடன் வழங்குமுன் நிலத்தையோ வீட்டையோ நேரில் பார்ப்பது வங்கியின் பழைய வழக்கம். முன்பெல்லாம் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், “தேவாலயத்தைத் தாண்டி இடப்புறம் திரும்பி, ஓடைப் பாலத்துக்கு மேற்கே” என்று எழுதி, கையால் ஒரு படமும் வரைந்து வைப்போம். அடுத்து வரும் அலுவலர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அரை நாள் அலைவார். இன்று கைப்பேசியிலோ கைக்கணினியிலோ உள்ள வரைபடச் செயலியில் இடத்தைக் குறித்து, நிழற்படம் எடுத்து, கோப்புடன் இணைத்துவிடுகிறோம். அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் அந்த ஒரு புள்ளியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நாங்கள் ஒரு வாடிக்கையாளரின் செலவில்தான் கற்றுக்கொண்டோம். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்குவது முறையன்று.

கணவரை இழந்த ஓர் அம்மையார், தமிழ்நாட்டுப் பகுதியிலுள்ள தமது பன்னிரண்டு சென்று நிலத்தில் வீடு கட்டக் கடன் கேட்டு வந்தார். சுவர்கள் லிண்டல் மட்டம்வரை எழும்பியிருந்தன. கூரைக்கான தொகை இடவப்பாதி மழைக்கு முன் கிடைத்தாக வேண்டும். எங்களுள் ஒருவர் போய்ப் பார்த்தார். வெயில் கடுமையாக இருந்ததால் நிலத்தின் ஓரத்திலிருந்த ஆஞ்சிலி மரத்தடியில் நின்றபடியே இடத்தைக் குறித்தார். திரையின் அடியில் “துல்லியம் 18 மீட்டர்” என்று செயலி சொல்லிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதன் பொருள் அன்று எங்கள் எவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்காது. புள்ளி கய்யாலையைத் தாண்டி, அவருடைய கொழுந்தனாரின் புல எண்ணுக்குள் விழுந்திருந்தது. மேலிடத்தில் கோப்பைச் சரிபார்த்தபோது, பட்டாவிலுள்ள எண்ணும் படத்திலுள்ள இடமும் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதை அறிந்த கொழுந்தனார் குடும்பத்தினர், “வீடே எங்கள் நிலத்தில்தான் நிற்கிறதோ” என்று கேட்கத் தொடங்கினர். ஆறு வாரங்கள் கழிந்தன. மழை வந்தது. கூரையில்லாத சுவர்கள் நனைந்தன.

மறுபடி நாங்கள் போனபோது அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: “சார், நான் நிக்கிற இடம் எனக்குத் தெரியும். உங்க போனுக்குத்தான் தெரியல்ல.”

போனுக்கு ஏன் தெரியவில்லை? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தொலைவுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தன் இடத்தைக் கைப்பேசி கண்டுகொள்கிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம்வரை பொதுமக்களுக்கான குறிப்பில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பி வந்தது. அது நிறுத்தப்பட்ட பிறகே இன்றைய பயன்பாடெல்லாம் பெருகியது. ஆயினும், திறந்த வானத்தின்கீழ்க்கூட ஒரு கைப்பேசியின் துல்லியம் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் என்றே அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் கூறுகிறது. மரத்தடியில், பாறைச் சரிவின் அடியில், மாடிக் கட்டடத்தின் பக்கத்தில் அது மேலும் கெடும். செயற்கைக்கோளின் மெல்லிய ரேடியோ அலைக்குறிப்பை ஈர இலைகள் மங்கச் செய்கின்றன. பாறையும் சுவரும் அதைத் திருப்பி எறிகின்றன. விளவங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டங்களில் ரப்பரும் பலாவும் ஆஞ்சிலியும் மூடாத நிலம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

செயலி நீல நிறத்தில் ஒரு புள்ளியைக் காட்டும்போது அதைச் சுற்றி மங்கலான ஒரு வட்டமும் தெரியும். பலரும் புள்ளியை மட்டும் பார்க்கிறோம். “நீங்கள் இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள், எங்கே என்று எனக்குத் தெரியாது” என்பதே செயலி உண்மையில் சொல்வது.

இந்தப் பிழை யாருக்குப் பெரிது, யாருக்குச் சிறிது என்பதைக் கணக்கு போட்டால் விளங்கும். ஒரு சென்று என்பது 40.47 சதுர மீட்டர். சதுரமான ஐந்து சென்று மனையின் ஒரு பக்கம் சுமார் 14.2 மீட்டர். கைப்பேசியுடன் அதைச் சுற்றி நடக்கும்போது ஒவ்வொரு பக்கமும் மூன்று மீட்டர் கூடிப் பதிவானால் மனை 7.3 சென்று ஆகிவிடும். மூன்று மீட்டர் குறைந்து பதிவானால் 3.1 சென்று. அதே மூன்று மீட்டர் பிழை இரண்டு ஏக்கர் விளையில் நேர்ந்தால் 200 சென்று 187 என்றோ 214 என்றோ காட்டும். எத்தனை ரப்பர் கன்று நடலாம், எவ்வளவு உரம் வேண்டும் என்று மதிப்பிட இது போதும். ஐந்து சென்றுக்காரருக்கோ இது ஒரு சண்டைக்குப் போதும். எல்லைப்புறத்தில் நிலங்கள் பாகம் பிரிந்து பிரிந்து சிறுத்துவிட்ட நிலையில், எங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் ஐந்து சென்றுக்காரர்களே.

சரிவு நிலத்தில் வேறொரு சிக்கல் உண்டு. மலைச்சரிவில் ரப்பர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தந்தை காலத்தில் கயிறு பிடித்து அளந்ததைவிடக் கைப்பேசி குறைவாகக் காட்டுகிறது, பக்கத்து நிலத்துக்காரர் கய்யாலையை நகர்த்திவிட்டார் என்று வருத்தத்துடன் வந்தார். கய்யாலை நகரவில்லை. ஆவணத்திலுள்ள பரப்பு சமதளப் பரப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியும் அளவு. கயிற்றைச் சரிவின்மேல் படுக்க வைத்து அளந்தால் நீளம் கூடும். 30 டிகிரிச் சரிவில் நூறு மீட்டர் கயிறு, சமதளத்தில் 86.6 மீட்டர்தான். அவருடைய தந்தையும் பொய் சொல்லவில்லை, அண்டை நிலத்துக்காரரும் திருடவில்லை. தாளில் ஒரு முக்கோணம் வரைந்து காட்டிய பிறகு அவர் சிரித்துவிட்டார். வழக்கறிஞரிடம் போவதற்கு முன் எங்களிடம் வந்தது நல்லதாயிற்று.

இந்த மண்ணை அளப்பது புதிய வேலை அன்று. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படைத்துறை அலுவலர்கள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து, படங்களுடன் விரிவான குறிப்பேடும் எழுதி வைத்தார்கள். பிற்காலத்தில் 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது கோடு மாறியது. பெட்டியிலிருந்த ஆவணங்கள் மாறவில்லை. இன்றும் எங்கள் கிளைக்கு வரும் மூல ஆவணங்களில் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் கிறித்துவ ஆண்டு வரும். நான்கெல்லையோ “கிழக்கே தோடு, மேற்கே இன்னார் புரயிடம்” என்று இருக்கும். அந்த இன்னார் காலமாகி மூன்று தலைமுறை ஆகியிருக்கும், தோடு சாலையாகியிருக்கும். இத்தகைய நிலத்தில் கைப்பேசி மிகவும் உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் வயது முதிர்ந்த ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்து, “தோடு இதுவழியாப் போச்சு” என்று அவர் காட்டும் இடங்களைக் குறித்து வைத்தால், ஆவணத்தின் சொற்களுக்கும் இன்றைய நிலத்துக்கும் இடையே ஒரு பாலம் கிடைக்கும். இவ்வேலைக்கு ஐந்து மீட்டர் பிழை ஒரு குறையே அன்று. அந்த முதியவர்தான் அரிது.

நிலத்தின் எல்லையை முடிவு செய்யும் கருவி வேறு. கேரளத்தில் 2022 நவம்பர் 1 அன்று ‘எண்டே பூமி’ என்ற பெயரில் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவை, நான்கு ஆண்டுகளில் 1550 கிராமங்களை இலக்காகக் கொண்டது. அங்கும் செயற்கைக்கோள்தான் அடிப்படை. ஆனால் இடம் துல்லியமாக அறியப்பட்ட நிலையங்கள் ஆங்காங்கே நிறுவப்பட்டு, வரும் குறிப்பிலுள்ள பிழையை அவை அவ்வப்போது கண்டு திருத்தம் அனுப்புகின்றன. களத்தில் கோலுடன் நிற்கும் கருவி அத்திருத்தத்தை வாங்கிச் சென்டிமீட்டர் அளவுக்கு இடத்தைச் சொல்கிறது. மரம் மறைக்கும் இடங்களில் ஒளிக்கற்றையால் அளக்கும் கருவி துணைக்கு வருகிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தில் நிலமுள்ள வாடிக்கையாளர்கள், தங்கள் கிராமத்தில் அளவை நடக்கும்போது நேரில் நின்று எல்லையைக் காட்டுவதும், வரைவு வெளியிடப்படும்போது பார்த்துக் குறையிருந்தால் ஆட்சேபம் தெரிவிப்பதும் மிக முக்கியம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பெயரில் நிலம் இருந்தால் இதை இன்றே அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்தில் பட்டாவும் புலப்படமும் அரசின் இணையதளத்தில் கிடைக்கின்றன. நில அளவைக்கு விண்ணப்பமும் இணையவழியில் கொடுக்கலாம்.

செயற்கைக்கோள் படத்தின்மேல் புல எண் கோடுகளைப் பதித்துக் காட்டும் வசதிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தனித்தனியாக வரையப்பட்ட பழைய புலப்படங்களை ஒட்டிச் சேர்த்தே அக்கோடுகள் உருவாகின்றன. மலைப்பாங்கான இடத்தில் படமும் சற்று விலகி நிற்கும், கோடும் சற்று விலகி நிற்கும். திரையில் பக்கத்து வீட்டுக் குளியலறை உங்கள் நிலத்துக்குள் தெரிந்தால் உடனே குரலை உயர்த்த வேண்டாம்.

சரி, எந்தச் செயலி? சாலைவழி அறியக் கூகுள் மேப்ஸ் போதும். கள ஆய்வுக்கு, அதாவது புள்ளி, கோடு, பரப்பு ஆகியவற்றைக் குறித்து அவற்றோடு குறிப்பும் நிழற்படமும் சேர்த்து வைக்க, எஸ்டபிள்யூ மேப்ஸ், கியூஃபீல்டு போன்றவை உள்ளன. முன்னது நேபாளத்தில் உருவானது, பழக எளிது. பின்னது கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற கணினி மென்பொருளின் களத்துணை. வேளாண் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கல்லூரி மாணவர்களும் கற்றுக்கொண்டால் பெரும்பயன் தரும். கைக்கணினியின் அகன்ற திரை படம் வரைய வசதி. எனினும் வாங்குமுன் அதில் ஜிபிஎஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். வைஃபை மட்டும் உள்ள பல மாதிரிகளில் அது இருப்பதில்லை. மழைத்துளி விழுந்த திரை தானாகவே எதையாவது தொட்டுக்கொள்ளும் என்பதால், சாரலில் கைப்பேசியே மேல்.

“எங்கள் விளையில் சிக்னல் இல்லை, ஆகவே ஜிபிஎஸ் எடுக்காது” என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. இடம் அறிய இணையம் வேண்டியதில்லை. பின்னணிப் படத்தை இறக்கத்தான் இணையம் வேண்டும். வீட்டிலிருக்கும்போதே அப்பகுதியின் படத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் காட்டுக்குள்ளும் வேலை நடக்கும். இணையம் இல்லாதபோது முதல் குறிப்பு கிடைக்கச் சில நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவே. நிலத்தின் மூலைகளில் நின்று குறிக்கும்போது, துல்லிய எண் குறைந்து நிலைபெறும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். மூலையில் மரம் இருந்தால், வானம் தெரியும் ஓரிடத்தில் குறித்துவிட்டு, அங்கிருந்து மூலைக்கு நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆஞ்சிலி மரத்தடியில் நாங்கள் செய்திருக்க வேண்டியது அதுதான்.

எண்களை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். பனச்சமூடு வட அட்சரேகை 8.4, கிழக்குத் தீர்க்கரேகை 77.2 டிகிரியை ஒட்டி உள்ளது. தசமத்துக்குப் பின் நான்காம் இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டர்; ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆகவே ஐந்து இலக்கம் எழுதினால் போதும். சில செயலிகள் காட்டும் எட்டு இலக்கம் வெறும் அலங்காரம். 8 டிகிரி 25 நிமிடம் என்பதை 8.25 என்று எழுதிவிட்டால் இடம் பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும். இரண்டு எண்களையும் முன்பின்னாக மாற்றி எழுதியவரின் ரப்பர் விளை, வடதுருவத்தை நோக்கி ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் மிதந்தது. அந்தக் கோப்பையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வாடிக்கையாளர்கள் தாமே இதைப் பயன்படுத்த வேண்டிய தருணங்கள் கூடிவருகின்றன. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட பயிருக்கு உள்ளூர்ப் பேரிடரால் சேதம் ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செயலி வழியாகவோ 14447 என்ற எண்ணிலோ தெரிவிக்கலாம். காற்றில் வாழை சாய்ந்த அன்றே, இடக்குறிப்புடன் நிழற்படம் எடுங்கள். ஊரகப் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கட்டுமானத்தின் ஒவ்வொரு நிலையும் இடக்குறிப்புள்ள படத்தால் காட்டப்பட்டே தவணை விடுவிக்கப்படுகிறது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் கோப்புக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும். அதைப் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். அல்லது இடமும் நேரமும் படத்தின் மேலேயே அச்சாகும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள்.

செயலிகளை உரிய கடையிலிருந்து மட்டுமே இறக்குங்கள். அரசுத் திட்டத்தின் பெயரிலோ வங்கியின் பெயரிலோ வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்பைத் தொடவே வேண்டாம். வரைபடச் செயலிக்கு இடமறியும் அனுமதியும் கேமராவும் போதும்; உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் ‘நில அளவைச் செயலி’ உங்கள் நிலத்தை அளக்க வரவில்லை, கணக்கை அளக்க வந்திருக்கிறது. கள ஆய்வுக்கு வரும் எங்கள் அலுவலர் எவரும் ஓடிபி கேட்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

அந்த அம்மையாரின் நிலத்துக்கு அரசு நில அளவர் வந்தார். இருதரப்பும் கூடி நின்றனர். கய்யாலையின் அடியில், மண் மூடிக் கிடந்த அளவைக்கல்லை அவருடைய கொழுந்தனாரே மண்வெட்டியால் வெட்டி வெளியில் எடுத்துக் காட்டினார். வீடு முழுவதும் அவருடைய நிலத்துக்குள்தான் நின்றது. கய்யாலைக்கு இப்பக்கம் ஒரு முழத்துக்கு மேல் இடமும் மீதி இருந்தது. நாங்கள் கோப்பிலிருந்த புள்ளியை அடித்துவிட்டுப் புதியதைப் பதிந்தோம். அதன் பக்கத்தில் துல்லிய எண்ணையும் எழுதினோம். துலாம் மாத மழைக்கு முன் கூரை போட்டாயிற்று. நனைந்த சுவரின் பூச்சுக்கு ஆன கூடுதல் செலவை அவர்தான் ஏற்றார்.

இப்போது எங்கள் ஆய்வுப் படிவத்தில் ‘துல்லியம் எத்தனை மீட்டர்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். பத்துக்கு மேல் இருந்தால் அந்தப் புள்ளியை ஏற்பதில்லை. ரப்பர் விளைகளின் எல்லையைச் சுற்றி நடக்கும் வேலையை மார்கழிக்குப் பின்னர் வைத்துக்கொள்கிறோம். அக்காலத்தில் ரப்பர் இலையுதிர்த்து நிற்கும், வானம் திறந்திருக்கும். விளையை அளந்து பார்க்க விரும்பும் அன்பர்கள் தை பிறந்ததும் கிளைக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம். பட்டாவும் புலப்படமும் கையில் இருக்கட்டும், பக்கத்து நிலத்துக்காரரும் உடன் வந்தால் மிக நல்லது.